ரீபேக் சாஃப்ட்வேர்: ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்றாங்களே, ஏன்?

ஸ்டுடியோ வீட்டுப் பொண்ணு, சங்கரன்கோவில்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா சங்கரன்கோவில்ல 22 வருஷமா போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்காங்க. நான் பாளையங்கோட்டையில பி.காம். மூணாவது வருஷம் படிக்கேன். லீவுக்கு வந்தா ஆல்பம் டிசைன் வேலையை நான்தான் பாக்கேன்.

போன வாரம் சித்தப்பா மகன் ஒரு பென்டிரைவ்ல போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் கொண்டுவந்து ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்தான். "இது ரீபேக், பிரிச்சுத் திரும்பக் கட்டினது, லைசென்ஸை ஏமாத்துற கிராக்கெல்லாம் உள்ளயே இருக்கு, தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம்"னான். கம்பெனி சைட்டுல அதே சாஃப்ட்வேர் 4 ஜிபிக்கு மேல வருது. இவன் கொண்டுவந்தது 1.3 ஜிபிதான். தினமும் 1.5 ஜிபி டேட்டா பேக் போட்டிருக்கவங்க ஒரே நாள்ல இறக்கிறலாம், அதனாலதான் எல்லாரும் இதை எடுக்காங்களாம்.

அந்த ஃபோல்டருக்குள்ள ஒரு ரீட்மி ஃபைல் இருந்துச்சு. ஆன்டிவைரஸை நிறுத்து, நெட்டை நிறுத்து, ஜிப் பாஸ்வேர்டு 1234, அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணு. அவன் அப்படியே செஞ்சான். இன்ஸ்டால் ஆக 40 நிமிஷம் ஆச்சு, அவ்வளவு நேரமும் ஃபேன் இரைச்சல். இப்ப சாஃப்ட்வேர் நல்லாத்தான் ஓடுது, குறை ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரி ஒரு வேலையும் இல்லாம ஆன் பண்ணி வச்சிருந்தாலும் ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கு.

எனக்குப் புரியாதது இதுதான். நாலு ஜிபியை எப்படி ஒண்ணேகால் ஜிபி ஆக்குறாங்க? எதையோ எடுத்துட்டாங்களா, இல்ல எதையோ சேத்துட்டாங்களா? ஆன்டிவைரஸை ஏன் நிறுத்தச் சொல்லணும்? அப்புறமா ஸ்கேன் பண்ணிப் பாத்தேன், ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அப்ப பயப்பட வேண்டாம்தானே? அதுல ரெண்டு கல்யாணத்தோட மொத்தப் படமும் இருக்கு, இன்னும் பார்ட்டிக்குக் கொடுக்கல. அதான் கேக்கேன்.


ஃபிளெக்ஸ் கடை, தேனி:

தங்கச்சி, ரீபேக்னாலே வைரஸ்னு பயந்துராதீங்க. நான் ஆறு வருஷமா ரீபேக்தான் யூஸ் பண்றேன், கடையில மூணு மெஷின், ஒண்ணுலயும் பிரச்சனை வந்ததில்ல. கிராக் இருக்கிறதாலதான் ஆன்டிவைரஸ் கத்தும், அது சும்மா. நல்ல பேர் எடுத்தவங்க போடுறதா பாத்து எடுக்கணும், கண்ட சைட்டுல எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொண்ணு. ஒரிஜினல்னா மட்டும் பாதுகாப்பா? 2017ல கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ற சிசிகிளீனர் சாஃப்ட்வேர்ல என்ன நடந்துச்சு? கம்பெனி சைட்டுல கம்பெனி கையெழுத்தோட வந்த 5.33 வெர்ஷன்லயே திருட்டுக் கோட் இருந்துச்சு. 22.7 லட்சம் பேர் அதைப் போட்டிருந்தாங்க. மாசாமாசம் சந்தா கட்டி சாஃப்ட்வேர் வாங்கினா, சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஃபிளெக்ஸ் அடிக்கிற எங்களுக்குக் கட்டுபடியாகாது. அதையும் யோசிக்கணும்.


சர்வீஸ் பெஞ்ச், மதுரை:

தங்கச்சி, தேனித் தம்பி சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் நான் கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். சிம்மக்கல் பக்கம் 14 வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். நீங்க சொன்ன மாதிரி ஸ்டுடியோ மெஷின் வருஷத்துக்கு நாலஞ்சாவது என் பெஞ்சுக்கு வருது.

முதல்ல சைஸ். உங்க ஊர்ப் பக்கம் ஜின்னிங் ஆலையில பஞ்சை அமுக்கி பேல் கட்டுறதைப் பாத்திருப்பீங்க. அதேதான் இது. ரீபேக் போடுறவர் கம்பெனியோட ஃபைல்களை எடுத்து, நமக்குத் தேவைப்படாத மொழிகள், ஹெல்ப் வீடியோ, சாம்பிள் படங்கள் இதையெல்லாம் கழிச்சிருவார். கேமா இருந்தா இங்கிலீஷ் தவிர மத்த மொழி ஆடியோ போயிரும். மிச்சத்தை ஃப்ரீஆர்க் மாதிரி கடுமையா அமுக்குற புரோகிராம்ல போட்டு, இன்னோ செட்டப்ல புதுசா ஒரு இன்ஸ்டாலர் கட்டுவார். அமுக்கினதைப் பிரிக்கிற வேலை முழுக்க உங்க மெஷினோட பிராசசர் தலையில விழுது. அந்த 40 நிமிஷம், அந்த இரைச்சல், அது அதுக்குத்தான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. சைஸ் குறைஞ்சதை வச்சு சந்தேகப்பட வேண்டியதும் இல்ல.

ரீபேக்ங்கிறதே திருட்டு வேலையும் கிடையாது. பெரிய ஆபீஸ்ல 500 மெஷினுக்கு ஒரே மாதிரி போடணும்னா, அங்க இருக்கிற அட்மின் ஆளுங்க இதே மாதிரி இன்ஸ்டாலரைப் பிரிச்சு, கேள்வி கேக்காம ஏறுற மாதிரி மறுபடி கட்டுவாங்க. ஆனா அங்க பேல் கட்டினவர் யாருன்னு தெரியும். தப்பு நடந்தா நேராப் போய்க் கேக்கலாம்.

உங்க பென்டிரைவ்ல இருந்ததை யார் பிரிச்சாங்க, யார் திரும்பக் கட்டினாங்கன்னு உங்க அண்ணனுக்கும் தெரியாது, அவனுக்குக் கொடுத்தவனுக்கும் தெரியாது. ரன் பண்ணும்போது மஞ்சள் பட்டையோட ஒரு பெட்டி வந்திருக்கும், 'அன்னோன் பப்ளிஷர்'னு போட்டு, யெஸ்ஸா நோவான்னு கேட்டிருக்கும். அந்த யெஸ்ஸுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? "இந்த மெஷின்ல நான் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் நீயும் செய்யலாம்"னு எழுதிக் கொடுக்கிறது. விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்துறது, டாஸ்க் ஷெட்யூலர்ல தனக்கு ஒரு வேலை போட்டுக்கிறது, பிரவுசர்ல சேத்து வச்ச பாஸ்வேர்டை எடுக்கிறது, எல்லாத்துக்கும் அந்த ஒரு யெஸ் போதும்.

அடுத்தது ஆன்டிவைரஸ். கிராக்னா சாஃப்ட்வேரோட லைசென்ஸ் செக் பண்ற இடத்தைக் கை வச்சு மாத்துறது. ஆன்டிவைரஸ் அதை 'ஹேக்டூல்'னு சொல்லி நிறுத்தும். அந்த அளவுக்குத் தம்பி சொன்னது உண்மை. ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க. வீட்டுல அலாரம் இருக்கு. வர்றவன் "நான் உள்ள போனா அது அடிக்கும், பூனை போனாலும் அடிக்கிற அலாரம்தான் அது, கழட்டி வச்சிருங்க"ங்கிறான். நீங்க கழட்டுறீங்க. அப்புறம் உள்ள போனது பூனையா திருடனான்னு சொல்ல யாரும் இல்ல. நல்ல ரீபேக்கும் இதையேதான் கேக்குது, கெட்ட ரீபேக்கும் இதையேதான் கேக்குது. அங்கதான் மாட்டுறோம்.

1234 பாஸ்வேர்டும் சும்மா போட்டது இல்ல. பூட்டின ஜிப்புக்குள்ள என்ன இருக்குன்னு ஸ்கேனர் பாக்க முடியாது. மெயில்லயோ டிரைவ்லயோ ஏத்தும்போது அங்க நடக்கிற ஸ்கேனையும் தாண்டி வந்துரும். பல ஆன்டிவைரஸை வச்சு ஃபைலைப் பாத்துச் சொல்ற வைரஸ்டோட்டல் சைட்டுல போட்டுப் பாக்கலாம்னா அது 650 எம்பி வரைக்கும்தான் வாங்கும். அதுக்காகவே உள்ள வெறும் பூஜ்யத்தை ரொப்பி ஃபைலை ஊத வச்சு விடுறாங்க. நீங்க பண்ணின ஸ்கேன் இன்ஸ்டால் முடிஞ்சதுக்கு அப்புறம். அதுக்குள்ள ஸ்கேனர்கிட்டயே "இந்த இடத்தைப் பாக்காதே"ன்னு சொல்லி வச்சிருக்கலாம். அது எப்படின்னு கீழ சொல்றேன்.

தேனித் தம்பி, ஆறு வருஷமா ஒண்ணும் ஆகலன்னீங்க. ஆகலன்னு தெரியுமா, இல்ல தெரியலயா? காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸ் கம்பெனி ஆளுங்க 2025 பிப்ரவரியில ஒண்ணை வெளியிட்டாங்க, 'ஸ்டாரிடோப்ரி'ன்னு பேர் வச்சாங்க. பீம்என்ஜி டிரைவ், கேரிஸ் மாட், டைசன் ஸ்பியர் புரோகிராம் மாதிரி கேம்களோட ரீபேக்கை 2024 செப்டம்பர்லயே டோரண்ட்ல ஏத்தி வச்சிருக்காங்க. இறக்கினவங்களுக்கு கேம் ஒழுங்கா ஓடியிருக்கு. மூணு மாசத்துக்கும் மேல சத்தமே இல்ல. டிசம்பர் 31, ஊரெல்லாம் புத்தாண்டு கொண்டாட்டத்துல இருக்கிற நேரம் பாத்து முழிச்சுக்கிச்சு. மெஷின் மொனேரோங்கிற கிரிப்டோ காயினைத் தோண்ட, அதாவது ஓயாம கணக்குப் போட்டு யாருக்கோ சம்பாதிச்சுக் கொடுக்க ஆரம்பிச்சது. அதுலயும் பிராசசர்ல எட்டு கோர் இல்லாத மெஷினைத் தொடல, மெதுவான மெஷின்ல ஓடினா சந்தேகம் வந்துரும்ல. உங்க மூணு மெஷினும் பழசா இருந்தா, ஒண்ணும் ஆகலங்கிறதுக்கு அதுகூட ஒரு காரணமா இருக்கலாம்.

அதுக்கு முன்னாடி 2021ல அவாஸ்ட் கம்பெனி கண்டுபிடிச்ச 'கிராகோனோஷ்'. கிராக் பண்ணின கேம்கள் வழியா 2,22,000 மெஷினுக்கு மேல ஏறியிருந்தது. இந்தியாவுலயும் நிறைய. அது மெஷினை சேஃப் மோடுல ரீஸ்டார்ட் ஆக வச்சு, அங்க ஆன்டிவைரஸ் ஓடாதுங்கிறதால டிஃபெண்டரை அழிச்சிரும், விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திரும். அப்புறம் கடிகாரத்துக்குப் பக்கத்துல பச்சை டிக்கோட டிஃபெண்டர் ஐகான் மாதிரியே ஒண்ணைத் தானே வச்சிரும். அதைப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நாம நிம்மதியா உக்காந்திருப்போம். எனக்கு இதுலயே ரொம்பக் கோபம் வர்றது அந்தப் பச்சை டிக்தான்.

சிசிகிளீனர் விஷயம் உண்மைதான், மறுக்கல. ஒரிஜினலுக்கும் வரும். ஆனா அங்க ஒரு மாசத்துக்குள்ள பிடிச்சாங்க, கம்பெனி பேரோட அறிக்கை விட்டாங்க, எந்த வெர்ஷன்னு சொன்னாங்க, சரி பண்ணின வெர்ஷன் வந்துச்சு. பென்டிரைவ் ரீபேக்ல தப்பு இருந்தா உங்களுக்குத் தகவல் சொல்ல யார் வருவாங்க?

"நல்ல பேர் எடுத்தவங்ககிட்ட எடுக்கணும்"ங்கிறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. அந்தப் பேர்லயே போலி சைட் நிறைய. அசலே நல்லவரா இருந்தாலும் உங்க கைக்கு வந்தது அவர் கட்டினதுதானான்னு எதை வச்சு சொல்வீங்க? 2015ல சைனாவுல ஐபோன் ஆப் எழுதுற புரோகிராமர்களே இதுல மாட்டினாங்க. ஆப்பிள் சர்வர்ல இருந்து, ஆப் எழுதுறதுக்கான எக்ஸ்கோட் சாஃப்ட்வேரை இறக்க ரொம்ப நேரம் ஆகுதுன்னு, பைடு கிளவுட்ல யாரோ போட்டு வச்ச காப்பியை எடுத்தாங்க. அதுல கை வச்சிருந்தாங்க. அதை வச்சு எழுதின ஆப் எல்லாத்துலயும் அந்தக் கோட் ஏறிப்போச்சு. வாட்ஸ்அப் மாதிரி அங்க எல்லாரும் வச்சிருக்கிற வீசாட் 6.2.5கூட அந்த லிஸ்ட்ல இருந்தது. ஆபத்தான ஆசை ஒண்ணும் அவங்களுக்கு இல்ல, டவுன்லோட் சீக்கிரம் முடியணும்னு நினைச்சாங்க. உங்க 1.5 ஜிபி டேட்டா பேக் கதையேதான்.

இனி நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். 2021 ஆவணி. ஊர் வேண்டாம். ஒரு ஸ்டுடியோக்காரர், எங்கப்பா வயசு, சிபியூவை ஈரத் துண்டால மூடி பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்தார், வெளிய மழை. ஆன் பண்ணினா எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாலயும் நாலெழுத்து புதுசா ஒட்டியிருக்கு. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு ரீட்மி: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள்ள வந்தா பாதி, 490. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு, ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்குற ரேன்சம்வேர், 'ஸ்டாப்'னு பேர், 'டிஜேவியு'ன்னும் சொல்லுவாங்க. அது வர்றதே பெரும்பாலும் கிராக், போலி சீரியல் நம்பர் போட்டுத் தர்ற கீஜென், ரீபேக் இந்த வழியிலதான். அவர் மகன் ஆல்பம் டெம்ப்ளேட் பேக் ஒண்ணு இறக்கியிருக்கான், ஆன்டிவைரஸை நிறுத்திட்டு. "விண்டோஸ் அப்டேட் ஓடுச்சுங்க, பாதியில நிறுத்தக் கூடாதுன்னு விட்டுட்டேன்"னார். அது அப்டேட் இல்ல. ஃபைலைப் பூட்டும்போது காட்டுறதுக்காக அது போடுற போலி அப்டேட் ஸ்கிரீன். பேக்கப்னு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வச்சிருந்தார். அது எப்பவும் மெஷின்லயே செருகித்தான் இருக்கும். அதையும் பூட்டிருச்சு.

எம்சிசாஃப்ட் கம்பெனி 2019 அக்டோபர்ல இதுக்கு இலவசமா ஒரு சாவி புரோகிராம் விட்டாங்க. 2019 ஆகஸ்டுக்கு முன்னாடி வந்த வகைக்கெல்லாம் அது பெரும்பாலும் வேலை செய்யும். அதுக்குப் பின்னாடி வந்ததுக்கு, பூட்டும்போது நெட் இல்லாம ஆஃப்லைன் சாவி போட்டிருந்தா, அந்தச் சாவி எப்பவாவது கிடைச்சா உண்டு. அவரோடது ஆன்லைன் சாவி. வழியில்ல.

ஆனா அந்த ரேன்சம்வேர் அவசரக்காரத்தனமா ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டும். கேமராவுல இருந்து வந்த 8 எம்பி ஜேபெக்ல மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும், திறக்கிற தலைப்பகுதிதான் போயிருக்கும். அதே கேமராவுல எடுத்த நல்ல படம் ஒண்ணோட தலையை வெட்டி ஒட்டினா சிலது திறக்கும். நாலு நாள் உக்காந்தேன். முதல்ல திறந்தது மாங்கல்யதாரணப் படம். மேல ஒரு பட்டை சாம்பலா இருக்கு, மொத்தப் படமும் பக்கவாட்டுல நகந்திருக்கு, மாப்பிள்ளை பாதி இடது ஓரம், பாதி வலது ஓரம். அரக்கு முகூர்த்தப் புடவை பாசிப் பச்சையா வந்திருக்கு. அதை நகத்தி நிறத்தைச் சரி பண்ணி எடுக்க ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம். வாட்ஸ்அப்புக்காகச் சின்னதா மாத்தி வச்ச படமெல்லாம் 150 கேபிக்குக் கீழ, முழுசும் பூட்டியாச்சு, அதுல ஒண்ணுகூட வரல. ஆல்பம் டிசைன் ஃபைலும் ஒண்ணும் திறக்கல. ஒரு கேமரா கார்டை மட்டும் ஃபார்மேட் பண்ணிட்டு மேல எடுக்காம வச்சிருந்தார். அதுல, அழிஞ்ச படத்தை மீட்கிற போட்டோரெக் புரோகிராம் போட்டு ஒரு காதுகுத்து முழுசா எடுத்தோம். மத்தபடி மூணு கல்யாணத்துல ஒண்ணரை கல்யாணம்தான் திரும்பி வந்துச்சு. அவர் மிச்ச வீடுகளுக்கு நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தார். பொண்ணோட அப்பா ஒருத்தர் தவறியே போயிட்டாராம், கல்யாணத்துல எடுத்ததுதான் கடைசிப் படமாம்.

அதனாலதான் தங்கச்சி, "பார்ட்டிக்குக் கொடுக்காத ரெண்டு கல்யாணம் இருக்கு"ன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் கடையை மூடாம உக்காந்து இதை எழுதுறேன். இப்பவே ரெண்டு விஷயம் பாருங்க. கேபிளைப் பிடுங்கி நெட்டை நிறுத்திட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதுல 'மேனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. ஸ்கேனர் பாக்காம விடுற இடங்களோட லிஸ்ட் அது. அங்க என்ன இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒரு வேலையும் இல்லாதப்ப சிபியூ எத்தனை சதவீதம்னு பாருங்க. திறந்த உடனே ஃபேன் சத்தம் அடங்குதான்னு கவனிங்க. காயின் தோண்டுற புரோகிராமுக்கு மைனர்னு பேர், சில மைனர் டாஸ்க் மேனேஜரைப் பாத்தா ஒளிஞ்சுக்கும்.


ஸ்டுடியோ வீட்டுப் பொண்ணு, சங்கரன்கோவில்:

அண்ணே, கை நடுங்குது. எக்ஸ்க்ளூஷன்ஸ்ல ஒரே ஒரு வரிதான் இருக்கு. 'சி:' அவ்வளவுதான். சி டிரைவ் மொத்தத்தையும் பாக்காதேன்னு போட்டிருக்கு. நாங்க யாரும் போடல, அண்ணன்கிட்ட போன் போட்டுக் கேட்டேன், அவனும் சத்தியமா போடலங்கான்.

டாஸ்க் மேனேஜர் திறந்ததும் சிபியூ ஒரு செகண்ட் 90க்கு மேல காட்டிட்டு 4க்கு வந்துருச்சு. ஃபேனும் அடங்குச்சு. மூடி வச்ச ரெண்டு நிமிஷத்துல திரும்ப இரைச்சல்.

ஃபைல் எல்லாம் இன்னும் திறக்குது, பேர் மாறல. அப்பா முகமே சரியில்ல. இப்ப என்ன செய்யணும்? ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டா போயிருமா?


சர்வீஸ் பெஞ்ச், மதுரை:

ஃபைல் திறக்குதுல்ல, அதுவே பெரிய நிம்மதி. காயின் தோண்டுற மைனர்தான் ஏறியிருக்கு, கூட என்ன ஏறியிருக்குன்னு நமக்குத் தெரியாது. அதனால ஆன்டிவைரஸ் போட்டு சுத்தம் பண்ணலாம்ங்கிற யோசனையே வேண்டாம். சி டிரைவையே பாக்காதேன்னு சொல்ற அளவுக்கு அதுக்கு அதிகாரம் கொடுத்தாச்சு. அந்த விண்டோஸை இனி நம்ப முடியாது, புதுசாத்தான் போடணும்.

அவசரப்படாம இந்த வரிசையில செய்ங்க. நெட் கேபிளைத் திரும்பச் செருக வேண்டாம். முதல் வேலை படம். கேமரா கார்டுகளை இப்ப யாரும் ஃபார்மேட் பண்ணக் கூடாது, அப்பாகிட்ட சொல்லிருங்க. புது ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கி ஜேபெக், ரா ஃபைல், வீடியோ, ஆல்பம் டிசைன் ஃபைல் மட்டும் காப்பி பண்ணுங்க. இஎக்ஸ்இ, ஜிப், பழைய சாஃப்ட்வேர் ஃபோல்டர் எதையும் எடுக்காதீங்க. காப்பி முடிஞ்சதும் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வைங்க.

ரெண்டாவது பாஸ்வேர்டு. இதை அந்த மெஷின்ல செய்யவே கூடாது, போன்ல செய்ங்க. பிரவுசர்ல சேத்து வச்சிருந்த எல்லா பாஸ்வேர்டும் போயிருச்சுன்னே வச்சுக்கோங்க: ஜிமெயில், ஸ்டுடியோ இன்ஸ்டா பேஜ், ஜிஎஸ்டி லாகின், அப்பா நெட் பேங்கிங். ஓடிபி போட்டிருக்கோம்னு விட்டுராதீங்க. நீங்க ஏற்கனவே லாகின் ஆகியிருக்கீங்கன்னு பிரவுசர் குறிச்சு வச்சிருக்கிற குக்கியையே திருடிட்டுப் போனா ஓடிபி கேக்காமலே உள்ள வரலாம். அதனால பாஸ்வேர்டை மாத்தினதோட, கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டிக்குப் போய், லாகின் ஆகியிருக்கிற டிவைஸ் எல்லாத்தையும் வெளியேத்துங்க. இன்ஸ்டாவுலயும் அப்படியே.

மூணாவதாத்தான் விண்டோஸ். வேற நல்ல மெஷின்ல, மைக்ரோசாஃப்ட் சைட்டுல இருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி புதுப் பென்டிரைவ்ல ஏத்துங்க. இன்ஸ்டால் பண்ணும்போது சி பார்ட்டிஷன் மட்டும் இல்ல, டிஸ்க்ல இருக்கிற எல்லாப் பார்ட்டிஷனையும் டிலீட் பண்ணிட்டுப் போடுங்க, டி டிரைவ்லயும் எதையாவது வச்சிருக்கலாம். பேங்க்ல பணம் ஏதாவது போயிருந்தா அன்னைக்கே சைபர் குற்ற உதவி நம்பர் 1930க்குப் போன் பண்ணுங்க, காலதாமதம் பண்ணினா பணத்தை நிறுத்தி வைக்கிறது கஷ்டம்.

உங்க அண்ணனைத் திட்டாதீங்க. அவன் மெஷின்லயும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பாக்கச் சொல்லுங்க. அவனுக்கும் இதே பென்டிரைவ்தானே.


அச்சாபீஸ் டிடிபி, சிவகாசி:

நான் காலண்டர், டைரி வேலை பார்ப்பவன், 19 ஆண்டு அனுபவம். காசு பற்றித் தேனித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஸ்டுடியோ வேலையில் பாதிக்குமேல் இலவசமாகவே நடக்கும். ரா ஃபைல் டெவலப் செய்யக் கேமரா கம்பெனிகளே இலவச சாஃப்ட்வேர் கொடுக்கின்றன. கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ. இல்லையென்றால் டார்க்டேபிள். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே ஒரு கல்யாண வீடியோவுக்குப் போதும். ஃபிளெக்ஸுக்கு இங்க்ஸ்கேப். பக்கம் கட்டுவதற்கு ஸ்க்ரைபஸ். முன்பு அதில் தமிழ் உடைந்து வரும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6இல் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. என் மேஜையில் ஒரு மெஷினில் தினமும் ஓடுகிறது.

எங்கே இடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் ஆல்பம் டெம்ப்ளேட் எல்லாம் பிஎஸ்டி, அதாவது ஃபோட்டோஷாப் ஃபைல். கிம்ப் என்ற இலவச எடிட்டரில் திறந்தால் லேயர் ஸ்டைல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் குலைந்துவிடும். பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா ஓரளவு நன்றாகத் திறக்கிறது. அதுவும் சரிப்படவில்லை என்றால் ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும், முகூர்த்த மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். அந்தச் செலவை ஆல்பம் விலையில் ஏற்றுவதில் வெட்கம் வேண்டாம், பேப்பர் விலை ஏறினால் ஏற்றுவதில்லையா?

சட்டத்தையும் அப்பாவுக்குத் தெரியப்படுத்துங்கள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 63பி பிரிவு, திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஸ்டுடியோவில் போட்டால் அது வியாபாரம்தான்.


ஃபிளெக்ஸ் கடை, தேனி:

மதுரை அண்ணே, உங்க பதிவைப் படிச்சிட்டு மூணு மெஷின்லயும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பாத்தேன். ரெண்டுல நானே போட்ட கிராக் ஃபோல்டர் மட்டும் இருக்கு. மூணாவதுல நான் போடாத ஒரு ஃபோல்டர், புரோகிராம்டேட்டாவுக்குள்ள, பேர் வெறும் நம்பரா இருக்கு. எப்ப வந்துச்சுன்னு தெரியல. அந்த மெஷினை நெட்ல இருந்து கழட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னைக்கு மூணையும் பிரிச்சுப் போடுறேன். சிவகாசி அண்ணாச்சி, இங்க்ஸ்கேப்ல பத்துக்கு இருபது அடி ஃபிளெக்ஸ் எப்படி செட் பண்றீங்கன்னு தனியா ஒரு கேள்வி போடுறேன், பதில் சொல்லுங்க.


ஸ்டுடியோ வீட்டுப் பொண்ணு, சங்கரன்கோவில்:

அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து முடிச்சோம். ரெண்டு கல்யாணமும் பத்திரமா இருக்கு. அப்பா ஒரு டிஸ்க் இல்ல, ரெண்டு டிஸ்க் வாங்கிட்டு வந்தாங்க. ஒண்ணு ஸ்டுடியோ பீரோவுல, ஒண்ணு வீட்டுல அம்மாவோட புடவை அலமாரியில.

கூகுள்ல டிவைஸ் லிஸ்ட் பாத்தப்ப எங்களோடது இல்லாத ஒரு விண்டோஸ் மெஷின் லாகின் ஆகியிருந்துச்சு. வெளியேத்திட்டு பாஸ்வேர்டும் மாத்திட்டேன். பேங்க்ல ஒண்ணும் போகல. புது விண்டோஸ்ல ராத்திரி ஃபேன் சத்தமே இல்ல, அப்பா ரெண்டு தடவை எந்திரிச்சு வந்து கேட்டுட்டுப் போனாங்க.

அண்ணன் மெஷின்லயும் அதே 'சி:' இருந்துச்சு. இன்னைக்கு அவனும் இங்கதான் உக்காந்து பேக்கப் எடுக்கான். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பழைய பென்டிரைவ் இன்னும் மேஜையிலதான் இருக்கு, தொடவே பயமா இருக்கு. தூக்கிப் போட்டுரவா?


சர்வீஸ் பெஞ்ச், மதுரை:

தூக்கிப் போட வேண்டாம். எந்த விண்டோஸ் மெஷின்லயும் செருகாம, ஓடிஜி கேபிள் வச்சு ஆண்ட்ராய்டு போன்ல மாட்டி, ஸ்டோரேஜ் செட்டிங்ஸ்ல ஃபார்மேட் கொடுத்துருங்க. அதுக்கப்புறம் அது வெறும் பென்டிரைவ்தான், பார்ட்டிக்குப் படம் ஏத்திக் கொடுக்க வச்சுக்கலாம்.

டிவைஸ் லிஸ்ட்ல இருந்த அந்த மெஷினோட தேதி, இடம் காட்டியிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பின்னாடி ஏதாவது வந்தா புகார் கொடுக்க வேணும். புதுசாப் போட்ட விண்டோஸ்ல தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதா அக்கவுண்ட் ஒண்ணு போட்டுக்கோங்க, அட்மின் பாஸ்வேர்டு அப்பாகிட்ட மட்டும் இருக்கட்டும்.